திறந்த உலகமும் வரைபடத்தின் அதிகாரமும்

1

'திறந்த உலகம்' என்கிற பெயருக்குள்ளேயே ஒரு வாக்குறுதி உட்கார்ந்திருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதையும் எந்த வரிசையிலும் செய்யலாம் என்பது அது. வீடியோ விளையாட்டுப் பக்கமே போகாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: பழைய வகைச் சாகச விளையாட்டுகளில் ஆட்டம் கட்டம் கட்டமாக நகரும். ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும். திறந்த உலக விளையாட்டிலோ மலை, காடு, ஊர், ஆறு என்று ஒரு நிலப்பரப்பு விரித்துப் போடப்பட்டிருக்கும். ஆட்டக்காரர் அதற்குள் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

இவ்வகை விளையாட்டுகளைச் சில ஆண்டுகளாக ஆடியும், ஆடுகிறவர்களோடு பேசியும் வருகிறேன். ஒரு முரண் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. ஒன்றில் மூன்று மணி நேரம் எதையுமே 'சாதிக்காமல்' திரிந்தவர் சந்தோஷமாக எழுந்து போகிறார். இன்னொன்றில் அதே மூன்று மணி நேரத்தில் இருபது வேலைகளை முடித்தவர், "சே, ஆபீஸ் மாதிரி இருக்குங்க" என்கிறார். இரண்டுமே திறந்த உலகங்கள்தாம். இரண்டிலும் கதவு பூட்டியில்லை. பின் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

தோழர்கள் சிலருக்கு இந்தக் கேள்வியே அநாவசியமாகத் தோன்றலாம். இதெல்லாம் நுகர்வுப் பண்பாட்டுக் குப்பை, இதில் நல்ல குப்பை என்ன கெட்ட குப்பை என்ன என்று ஒதுக்கிவிடுவது சுலபம். சினிமாவையும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒதுக்கினோம். ஏராளமான பேர் தம் ஓய்வு நேரத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிற ஓரிடத்தில் 'சுதந்திரம்' என்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் கற்பிக்கப்படுகிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமல்ல.

2

முதலில் ஒரு பொய்யை அகற்றிவிடலாம். உலகம் பெரிதாக இருந்தால் இன்பமும் பெரிதாக இருக்கும் என்பது அந்தப் பொய். 1996இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'டேகர்ஃபால்' விளையாட்டின் நிலப்பரப்பு கிட்டத்தட்ட பிரிட்டன் அளவு என்று சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கான ஊர்களையும் குகைகளையும் கணினி நிரலே உற்பத்தி செய்து தள்ளியது. 2016இல் வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை'யில் கிரகங்களின் எண்ணிக்கை 18க்குப் பின்னால் 18 சுழி போட்டால் வருவதைவிட அதிகம். அது வெளிவந்தபோது எழுந்த புகார் என்ன? பத்துக் கிரகம் பார்த்தால் பதினோராவது எப்படியிருக்கும் என்று தெரிந்துவிடுகிறது என்பதுதான். அதே நிறுவனம் பின்னால் பல ஆண்டுகள் உழைத்து அதைச் செப்பனிட்டது வேறு கதை.

ஆக, பரப்பளவு ஒரு விளம்பரச் சொல். அந்தப் பரப்பில் ஆட்டக்காரர் வழியைக் கண்டுபிடிக்கிறாரா, அல்லது வழிநடத்தப்படுகிறாரா என்பதே கேள்வி. இன்பமும் எரிச்சலும் இந்த ஓரிடத்தில்தான் பிரிகின்றன என்பது என் வாதம்.

3

இதற்கு ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த இரண்டு விளையாட்டுகள் நல்ல சாட்சி.

'மாரோவிண்ட்' (2002) டேகர்ஃபாலுக்கு நேர் எதிர்த்திசையில் போனது. ஒரே ஒரு தீவு. பெரும்பாலும் கையால் செய்தது. நீங்கள் ஒரு கைதி. பேரரசனின் ஆணைப்படி விடுவிக்கப்பட்டு, செய்டா நீன் என்கிற சின்னத் துறைமுக ஊரில் இறக்கிவிடப்படுகிறீர்கள். ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, பால்மோரா ஊரிலிருக்கும் ஓர் ஆளிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். அம்புக்குறி கிடையாது. பால்மோராவுக்குப் போய், மதுக்கடையில் அந்த ஆளின் பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டும். ஆட்டம் முழுக்க இப்படித்தான். பாலத்தைத் தாண்டி வடக்கே போ, பாதை பிரியுமிடத்தில் இந்தப் பக்கம் திரும்பு என்கிற தோரணையில் உள்ளூர்க்காரர்கள் வாயால் வழி சொல்வார்கள். சொன்ன வழி சில சமயம் பிசகியும் இருக்கும். தூரப் பயணத்துக்கு 'சில்ட் ஸ்டிரைடர்' என்றொரு ராட்சதப் பூச்சி உண்டு. அதுவும் நம்மூர் பஸ் மாதிரிதான், குறிப்பிட்ட ஊர்களுக்கு மட்டுமே தடம். மாறி ஏறிப் போகவேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 'ஒப்ளிவியன்' (2006) இதையெல்லாம் துடைத்தெறிந்தது. திரையின் அடியில் ஒரு திசைகாட்டி. போகவேண்டிய இடத்தை அதில் ஒரு குறி எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும். பெரிய நகரங்களுக்கு வரைபடத்தைத் தொட்ட மாத்திரத்தில் போய்ச் சேரலாம். யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் வழி சொல்கிற வசனமே பெரும்பாலும் எழுதப்படவில்லை. அம்பு இருக்கும்போது வசனம் என்னத்துக்கு?

மிஷல் து செர்த்தோ 1980இல் பிரெஞ்சில் வெளிவந்த, அன்றாட வாழ்க்கை பற்றிய தன் நூலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தின் உச்சியிலிருந்து நகரம் முழுவதையும் ஒரே பார்வையில் அள்ளுகிறவன் ஒருவன். கீழே தெருவில் நடந்து நடந்தே நகரத்தை உருவாக்குகிறவன் இன்னொருவன். ஓரிடத்தை வரைபடமாகச் சொல்வதும், 'இப்படிப் போய் அப்படித் திரும்பினால்' என்று நடையாகச் சொல்வதும் வேறு வேறு என்கிறார் அவர். பழைய வரைபடங்களில் பயணிகளின் வழித்தடங்கள் இடம்பெற்றிருந்தன என்றும், நவீன வரைபடம் மெல்ல மெல்ல அவற்றை அழித்துவிட்டது என்றும் காட்டுகிறார். மாரோவிண்டிலிருந்து ஒப்ளிவியனுக்கு வந்தபோது நடந்ததும் இதுவே. ஒருவர் இன்னொருவரை ஆற்றுப்படுத்துகிற பேச்சு போய், பேச்சற்ற குறி வந்து உட்கார்ந்துகொண்டது.

மாரோவிண்டைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அதில் எரிச்சல் நிறையவே உண்டு. ஆரம்பத்தில் பாத்திரம் ஆமை மாதிரி நகரும். எதிரியின் மேல் கத்தி பட்டது கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்ளே உருளும் தாயம் 'படவில்லை' என்று சொல்லிவிடும். 'கிளிஃப் ரேசர்' என்கிற பறக்கும் சனியன்கள் நடக்கவே விடாது. ஆயினும் அங்கே வழி தவறியவர் ஓர் இடத்தில் தவறுகிறார். அம்பைப் பார்த்துக்கொண்டே போகிறவர் எந்த இடத்திலும் இல்லை. அவர் கண் திரையின் அடியில் இருக்கிறது.

4

அம்பு ஒன்றாக இருந்தவரை பரவாயில்லை. அது பல்கிப் பெருகியது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'அசாசின்ஸ் க்ரீட்' (2007) ஒரு சூத்திரத்தைத் தொடங்கிவைத்தது. உயர்ந்த கோபுரத்தில் ஏறு. ஏறியதும் சுற்றுவட்டாரத்தின் வரைபடம் திறக்கும், அதில் என்னென்ன எங்கெங்கே என்று குறிகள் முளைக்கும். இறங்கி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டு. செர்த்தோ சொன்ன உச்சிப்பார்வை இங்கே விதியாகவே ஆகிவிட்டது. முதலில் மேலிருந்து பார், பிறகுதான் நட.

இந்தச் சூத்திரம் அரசியல் ரீதியாக எதைச் சொல்கிறது என்பது 'ஃபார் க்ரை 3' (2012)இல் பச்சையாகத் தெரிகிறது. ஜேசன் பிராடி என்கிற அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒரு கற்பனைத் தீவில் மாட்டிக்கொள்கிறான். அங்குள்ள பூர்வகுடிகளின் மாவீரனாகவே ஆகிவிடுகிறான். வானொலிக் கோபுரங்களில் ஏறி வரைபடத்தைத் திறக்கிறான், எதிரி முகாம்களை ஒவ்வொன்றாக 'விடுவிக்கிறான்'. இது எள்ளல் என்று அதை எழுதிய ஜெஃப்ரி யோஹலம் விளக்கினார். கதை எள்ளலாக இருக்கலாம். ஆனால் கை செய்கிற வேலை எள்ளல் அல்ல. அளந்து, குறித்து, கைப்பற்றுகிற காலனிய நில அளவைக்காரனின் வேலைதான் அது. ஆட்டம் முடிந்த பிறகும் கையில் தங்குவது அந்தப் பழக்கமே.

எரிச்சல் உருவாவதும் இங்கேதான். வரைபடத்தில் குறி விழுந்த மறுகணமே ஓர் இடம் வேலையாகிவிடுகிறது. குகை குகையாக இல்லை, 'பாக்கியிருக்கும் குகை 7' ஆகிவிடுகிறது. தொழில்மயச் சமூகத்தில் கேளிக்கை என்பது வேலையின் நீட்சி என்று அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் எழுதியபோது மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் பலருக்குப் பட்டது. இந்த வரைபடங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸி' (2018)யில் முக்கியக் கதையில் முன்னேற உங்கள் பாத்திரத்தின் நிலை உயரவேண்டும். அதற்கு அனுபவப் புள்ளிகள் வேண்டும், புள்ளிகளுக்குச் சில்லறை வேலைகள் செய்யவேண்டும். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடை. அங்கே மேலும் காசு கொடுத்தால் புள்ளிகள் நிரந்தரமாக 50 சதவீதம் கூடுதலாக விழும். யோசித்துப் பாருங்கள். விளையாட்டைக் குறைவாக விளையாடுவதற்கான உரிமையை விளையாட்டே விற்கிறது. இதே விளையாட்டில் குறிகளைக் குறைத்து, துப்பு வைத்து இடம் தேடுகிற ஒரு முறையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அதாவது, பிரச்சனை எதுவென்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் உழைப்பு இருக்கிறது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' (2018)இல் குளிரில் குதிரையின் விதைப்பை சுருங்குவது வரை செய்துவைத்திருக்கிறார்கள் என்று வியந்து பேசப்பட்டது. அது வெளிவருகிற சமயத்தில், வாரத்துக்கு 100 மணி நேரம் உழைத்தோம் என்று ராக்ஸ்டார் நிறுவனத்தின் டான் ஹவுசர் ஒரு பேட்டியில் சொல்லிவிட, கண்டனம் கிளம்பியது. அது மூத்த எழுத்தாளர்கள் சிலர் மூன்று வாரம் மட்டும் செய்தது என்று பிறகு விளக்கம் தந்தார். 'சைபர்பங்க் 2077'ஐச் செய்த சிடி புராஜெக்ட் நிறுவனம், கட்டாய மிகையுழைப்பைத் தவிர்ப்போம் என்று 2019இல் சொல்லிவிட்டு, 2020இல் வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. பெரிய உலகம் வேண்டும் என்கிற ஆசைக்கு யாரோ ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை செலவாகிறது.

5

அப்படியானால் நல்ல திறந்த உலகம் தடையே இல்லாத உலகமா? இல்லை. தடையில் இரண்டு வகை உண்டு. உலகம் தருகிற தடை ஒன்று, நிர்வாகம் தருகிற தடை இன்னொன்று. முதலாவதில் நாம் யோசிக்கிறோம். இரண்டாவதில் காத்திருக்கிறோம்.

நிண்டெண்டோவின் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' (2017)ஐ எடுத்துக்கொள்வோம். ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி இயக்கியது. இதிலும் கோபுரங்கள் உண்டு. ஆனால் ஏறினால் நில அமைப்பு மட்டும்தான் தெரியவரும், வேலைப்பட்டியல் முளைக்காது. நீங்களே தொலைநோக்கியால் சுற்றிப் பார்த்து, சந்தேகமான இடத்தில் நீங்களே குறி வைக்கவேண்டும். குறி வைக்கிற அதிகாரம் கைமாறியிருக்கிறது. சின்ன மாற்றம்தான், ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது. நிலத்தையே முக்கோண வடிவங்களாக அமைத்ததாக அதைச் செய்தவர்கள் அதே ஆண்டு ஜப்பானில் ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். குன்று ஒன்றை மறைக்கிறது, சுற்றிப் போனாலோ ஏறினாலோ இன்னொன்றைக் காட்டுகிறது. ஏறுவதா சுற்றுவதா என்று ஆட்டக்காரர் தீர்மானிக்கிறார். கண் பார்க்கிறது, மனசு இழுக்கிறது, கால் போகிறது. இந்த மூன்றுக்கும் இடையில் யாரும் புகுந்து உத்தரவிடவில்லை.

அங்கும் மழை பெய்யும். பெய்தால் பாறையில் கால் வழுக்கும், ஏற முடியாது. முதல் தடவை ஆத்திரம் வரும். ஆனால் மழை எல்லாவற்றின் மேலும் பெய்கிறது. தீ அணைகிறது, காலடிச் சத்தம் அமுங்குகிறது. பாறையின் அடியில் ஒதுங்கித் தீமூட்டிப் பொழுதைக் கழிக்கலாம், வேறு வழியும் தேடலாம். ஆயுதங்கள் சீக்கிரம் உடைந்துபோவதை இதே கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. நல்ல கத்தியைக் கடைசிவரை பயன்படுத்தாமல் பதுக்கிவைக்கும் கஞ்சத்தனத்தைத்தான் அது வளர்க்கிறது.

'எல்டன் ரிங்' (2022) இன்னும் கடுமையானது. ஆட்டம் தொடங்கி வெளியே வந்ததுமே பொன்னிறக் குதிரைவீரன் ஒருவன் உலாவுகிறான். மோதினால் செத்தோம். அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம், பலம் சேர்ந்தபின் திரும்பி வரலாம் என்பதை ஆட்டம் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொஞ்சம் தள்ளி ஓர் இடிபாட்டுக்குள் ஒரு பெட்டி. திறந்தால் புகை சூழ்ந்து, தூரத்திலுள்ள சிவந்த கொடுநிலத்தின் சுரங்கம் ஒன்றில் தூக்கிப் போட்டுவிடும். அங்கிருந்து தப்பி வெளியே வந்து, அந்தச் சிவப்பு வானத்தைப் பார்க்கிறபோது உண்டாகும் திகில் இருக்கிறதே, அது எந்த வரைபடக் குறியாலும் தரமுடியாதது. ஒப்ளிவியனில் நாம் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்வார்கள். அங்கே எந்த இடமும் உண்மையில் ஆபத்தானதும் இல்லை, பத்திரமானதும் இல்லை. எல்டன் ரிங்கின் உலகம் நமக்காகத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. அதனாலேயே அது நமக்கு வெளியே இருக்கிற ஒன்றாக, ஓர் உலகமாக நிற்கிறது. பாத்திரங்களின் கிளைக்கதைகளை அது ஒளித்துவைக்கிற விதம் மட்டும் வீம்பு. வெளியே யாரிடமாவது கேட்காமல் அவற்றில் பலவற்றை முடிக்க முடியாது.

6

என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்புக்குறியை இப்படிக் கரித்துக்கொட்டுவது நேரம் உள்ளவனின் ரசனையாக இருக்கலாம். ஷிப்ட் முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு வழி தவறுவது இன்பமா, நஷ்டமா? மேலும், நான் பேசிய இந்த விளையாட்டுகளில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. மாரோவிண்டின் வாய்வழிச் சொற்கள் அத்தனையும் ஆங்கிலம். அந்த ஆங்கிலம் வசப்படாத நம் பிள்ளைக்கு அம்புதான் ஜனநாயகம். அது இல்லையென்றால் அந்த உலகம் அவனுக்குத் திறக்கவே திறக்காது.

இந்த எதிர்வாதம் சரியானது. ஆனால் அது கேட்பது அம்பையா? சுற்றிப் பார்த்தாலே வழி புரிகிற உலகத்தையும், தன் மொழியில் வழி சொல்கிற குரலையும், தவறினாலும் தண்டிக்காத நேரத்தையும்தான் அது கேட்கிறது. இவை கிடைக்காத இடத்தில்தான் அம்பு வந்து நிற்கிறது, பிச்சை மாதிரி. வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பொத்தான் வைப்பதும் தீர்வாகாது. ஒப்ளிவியனில் குறியை மறைத்துவிட்டால் மாரோவிண்ட் கிடைத்துவிடாது, வழி சொல்ல ஆளில்லாத ஊர்தான் கிடைக்கும். அம்பில்லாமல் நடக்கக்கூடிய உலகத்தை முதலிலேயே அப்படிக் கட்டியிருக்க வேண்டும்.

தெரிவுகளின் எண்ணிக்கையைச் சுதந்திரம் என்று விற்கிறார்கள். நூறு குறிகளில் எதை முதலில் முடிப்பது என்பது தெரிவுதான், மறுக்கவில்லை. ஆனால் குறியிடப்படாத ஒன்றைக் காணவும், தவறான பக்கம் போகவும், அந்தத் தவறு வீணாகாமல் இருக்கவும் இடமிருக்கிறதா என்று கேட்கவேண்டும். விளையாட்டுகளை இன்னும் குப்பை என்றே நினைக்கிற தோழர்கள், இதே கேள்வியை நாம் நடத்துகிற அமைப்புகளிடமும், நாம் எழுதுகிற பிரதிகளிடமும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே வரைபடத்தைக் கையில் வைத்திருப்பது யார்?