உங்களுக்குத் தெரியுமா? கேமராவை இறக்கிவிட்டால் ட்ரைபாட் என்னென்ன செய்யும்!

காட்டுப்பள்ளி துறைமுகச் சாலையோரம் மூன்று கால் மேல் எதையோ நிறுத்தி, ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றால் போட்டோகிராபர் என்று நினைத்துச் சிரித்துவிடாதீர்கள். அவர் சர்வேயர். மேலே இருப்பது டோட்டல் ஸ்டேஷன் அல்லது லெவல் கருவி.

ட்ரைபாடில் கேமரா நேற்று குடிவந்த வாடகைதாரர். சர்வேயர்தான் பழைய ஆள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற சர்வேயர் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியாவையே அளந்து முடித்த மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் விரிந்தது. கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. தரையில் போட்டால் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நெளியும், கணக்கு பிசகும். அதனால் மரப்பெட்டிகளுக்குள் அதை நீட்டிக் கிடத்தி, பெட்டிகளை ட்ரைபாட்கள் மேல் ஏற்றி, திருகைத் திருகி மட்டம் பார்த்தார்கள். இப்படி 400 முறை, 57 நாள்! அந்தச் சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்றதால் கைமாறி வந்த சரக்கு. கேமராவோ? புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான்.

ஏன் மூன்றே கால்? நாலு கால் மேசைக்கு ஒரு கால் குட்டையானால் ஆட்டம் கண்டுவிடும். மூன்று புள்ளிகள் எப்படி விழுந்தாலும் ஒரே தளத்தில் அமையும். காட்டுப்பள்ளிக் கடற்கரை மணலில் நாலு கால் ஸ்டூல் தள்ளாடும், ட்ரைபாட் தள்ளாடாது. ஆனால் கால் புதையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்கச்சியை வையுங்கள்.

உங்கள் பைனாகுலரின் நடுக்கீலில், முன்பக்கம், சின்ன மூடி ஒன்று இருக்கிறதா? கழற்றிப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே மரை இருக்கும். ‘எல்’ வடிவ அடாப்டர் ஒன்று வாங்கினால் பைனாகுலர் ட்ரைபாடில் உட்கார்ந்துகொள்ளும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரியது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வந்து இறங்கும். கையில் பிடித்துப் பார்த்தால் கை நடுக்கத்தில் ரோஸ் நிறத் தீற்றல்தான் தெரியும். ட்ரைபாடில் வைத்துப் பார்த்தால், அலகைத் தலைகீழாக நீரில் விட்டு அரிப்பது வரை தெரியும். இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த உபயோகம் இதுதான்.

கேமராவைப் பிடிக்கும் அந்தத் திருகின் அளவு கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. சைக்கிள் கிளாம்போ, டார்ச் ஹோல்டரோ, பலகையோ, எதில் அந்த அளவு நட்டைப் பொருத்தினாலும் ட்ரைபாட் மேல் ஏறிவிடும். பாரிமுனை ஹார்டுவேர் கடையில் ‘கால் இஞ்ச்’ என்றே அழுத்திக் கேளுங்கள். எம்-6 நட்டு பார்வைக்கு இரட்டைப் பிறவி மாதிரி இருக்கும், ஆனால் மரை வேறு. சரியாக ஏறாமல் சிக்கும். பலவந்தம் செய்தால் மரை போச்சு.

புயல் நாளில் கரண்ட் போனதும் டார்ச்சை ட்ரைபாடில் மாட்டி, வெள்ளைச் சீலிங்கைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். அறை முழுக்கப் பரவலான வெளிச்சம். நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடலாம், காற்றுக்கு எளிதில் சாயாது.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மாசித் திருவிழாக் கூட்டத்தில் தலைகள்தான் தெரிகின்றனவா? கால்களை மடக்கி ஒன்றாகச் சேர்த்து, போனைப் பூட்டி, டைமர் வைத்துத் தலைக்கு மேலே தூக்குங்கள். நடந்துகொண்டே வீடியோ எடுக்கும்போது கால்களை லேசாக விரித்து, ட்ரைபாடின் தலைக்குக் கீழே பிடித்துக்கொண்டால் எடை கீழிறங்கி ஆட்டம் குறையும். துறைமுக வேலிப் பக்கம் மட்டும் இந்த வித்தை வேண்டாம். உங்களைப் படமெடுக்க செக்யூரிட்டி வந்துவிடுவார்.

சூரிய கிரகணமா? பைனாகுலரின் ஒரு பக்கத்தை மூடி, ட்ரைபாடில் வைத்து, பின்னால் வெள்ளைத்தாள் பிடித்தால் பிறைச் சூரியன் தாளில் விழும். கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் தனியே விடவும் கூடாது.

போர்வெல் மோட்டாரை வெளியே இழுக்க மூன்று குழாய்களின் உச்சியைச் சேர்த்து, செயின் பிளாக்கைத் தொங்கவிடுவார்களே, அதுவும் ட்ரைபாட்தான். தொழிற்சாலைத் தொட்டிக்குள் ஆள் இறங்கும்போது அதன் வாய்க்கு மேல் நிற்க வேண்டிய மீட்பு ட்ரைபாட் இன்னும் முக்கியமானது. வின்ச்சும் உயிர்க்கயிறும் அதில் இருக்கும். உள்ளே மயங்கியவரை, இன்னொருவர் இறங்காமலே மேலே இழுக்கலாம். ஒருவரைக் காப்பாற்றக் குதித்த அடுத்தவரும் விஷவாயுவில் சாகும் செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! மலக்குழியில் ஆளை இறக்குவதற்கு எதிரான சட்டம் 2013-லேயே வந்தாயிற்று. கேமரா ட்ரைபாடை இந்த வேலைக்கு நினைத்தும் பார்க்காதீர்கள். சில கிலோவைத் தாங்கவே பிறந்தது அது.

கடற்கரைக்குக் கொண்டுபோன ட்ரைபாடை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கால்களை முழுக்க இழுத்து, பூட்டுகளைத் தளர்த்தி, நிழலில் காயவிடுங்கள். உப்பும் மணலும் பூட்டுக்குள் தங்கிவிட்டால் அடுத்த தடவை கால் நீளாது.