முதுகில் கை வைக்குமுன்

“ஏம்மா, முதுகுத்தண்டை நேர் பண்ணிட்டா சுகர் மாத்திரையை நிறுத்திடலாமாமே?”

மந்தைவெளியில் நான் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்கில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் மயிலாப்பூர் மாமிகள் மட்டுமல்ல. அடையாறிலிருந்து வரும் ஐ.டி. பிள்ளைகள் செல்போனில் வீடியோ காட்டுகிறார்கள். ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஓர் அழுத்து, ‘டக்’கென்று சத்தம், எழுந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. தி. நகர் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள், “ஒரே தடவையில சரியாயிடுமாம், போகட்டுமா மேடம்?” என்கிறார்கள்.

அந்தச் சிகிச்சையின் பெயர் கைரோபிராக்டிக். அது முதுகு வலிக்கு ஓரளவு உதவலாம். சர்க்கரைக்கும் ஆஸ்துமாவுக்கும் உதவும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வலிக்குக் கிடைக்கும் சுகத்தைக் காட்டி நோய்க்கும் மருந்து என்று சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்த முறை பிறந்தது 1895இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரில். காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர், காது கேளாத ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகில் விலகியிருந்த எலும்பை அழுத்தி உள்ளே தள்ளியதாகவும், அவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் சொன்னார். நோய்களில் 95 சதவீதம் முள்ளெலும்பு விலகுவதால்தான் வருகின்றன என்று பிறகு எழுதினார். ஆனால் கேட்கும் நரம்பு உள்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டுக்குப் போய்விடுகிறது. முதுகுப் பக்கம் அது வருவதே இல்லை. இன்று கைரோபிராக்டர்களிலேயே பலர் பால்மரின் அந்தக் கொள்கையை ஒதுக்கிவிட்டு, முதுகு, கழுத்து வலியோடு நின்றுகொள்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன்.

கையால் வலி தீர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உள்ளிட்ட ஒன்பது வகை அதில் உண்டு. சுளுக்கு எடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டின் பெயர்ப் பலகையைச் சென்னையில் பல இடங்களில் இன்றும் பார்க்கலாம். தொட்டு நீவினால் உடம்பு இளகும் என்பதை நம் பாட்டிகள் அறிந்திருந்தார்கள்.

சரி, அந்த ‘டக்’ சத்தம் என்ன? எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று விலக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாயு வெளி ஒன்று உண்டாகிறது. விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதே சத்தம்தான். அந்த நேரத்தில் தசைப் பிடிப்பு தளர்வதால், கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். அந்த இதம் பொய்யில்லை. எலும்பு நேரானதற்கு அது அத்தாட்சியும் இல்லை.

2020இல் உலகில் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியோடு, கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு நிபந்தனை போடுகிறது: உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும், தனியாகச் செய்யக் கூடாது.

மற்ற நோய்களுக்கு? 1998இல் கனடாவில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான கைரோபிராக்டிக் சிகிச்சை. மறு பிரிவுக்கு அதைப் போலவே தோன்றும் பாவனைச் சிகிச்சை. இரு பிரிவிலும் குழந்தைகள் கொஞ்சம் தேறினார்கள். இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அக்கறையாக ஒருவர் தொட்டுக் கவனிப்பதே ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதலை நம்பிக் குழந்தையின் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டால் உயிருக்கு ஆபத்து. சர்க்கரை மாத்திரைக்கும் இதே கதைதான்.

கழுத்தைப் பற்றி எனக்குக் கூடுதல் பயம் உண்டு. கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருகினால் அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். இது அரிதுதான், வந்தால் வாழ்க்கையே புரண்டுவிடும். சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், பல வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் முதுகை அழுத்தவிடக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயும் உண்டு. அரித்துப்போன எலும்பை அழுத்தினால் தண்டுவடமே நசுங்கலாம்.

ராத்திரியில் தூங்கவிடாத முதுகு வலி, காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, கால் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். கடைசி இரண்டும் அவசரம்; ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அலோபதி, சித்தா, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு இங்கே பதிவும் கவுன்சிலும் இருப்பதுபோல் கைரோபிராக்டர்களுக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. ஆகவே படித்தது எங்கே, எத்தனை வருடம் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படுபவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்தி, முப்பது நாற்பது சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வலியின் வேர் பல நேரம் நாம் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. ரங்கநாதன் தெருப் பக்கம் காலையிலிருந்து இரவு வரை நின்றே புடவை எடுத்துப் போடும் பெண்ணுக்கு, முதலில் தேவை ஒரு ஸ்டூல். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஸ்டூல் போடப்பட்டிருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்பதை முதுகு மருத்துவமாகவே நான் பார்க்கிறேன். லேப்டாப் முன் உட்கார்ந்தே கிடக்கும் அடையாறு இளைஞனுக்கோ இதற்கு நேர்மாறான மருந்து: அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது.

பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். அதுவரை படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடமாடுங்கள். நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்குக் காசு கிடையாது. வசதி இல்லாதவர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் தேர்ந்த ஒருவர் கையால் முதுகைச் சரிசெய்துகொள்ள விரும்பினால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தாராளமாகப் போங்கள். கழுத்தைத் திருக மட்டும் விடாதீர்கள். சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் அவற்றை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.