கோட்டையும் கானகமும்: திருகோணமலைக் கோட்டைமுனை பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலையைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைப் பெரும்பாலும் இருவகைப்படுத்தலாம். ஒருவகை எழுத்துக்கள் அதனைத் திருத்தலமாக நோக்குவன. மறுவகை எழுத்துக்கள் அதனை வல்லரசுகள் கண்வைத்த துறைமுகமாக நோக்குவன. இவ்விரு நோக்குகளுக்கும் இடையே ஓர் எளிய உண்மை மறைந்து நிற்கின்றது. கடலுள் நீண்டு கிடக்கும் கோட்டைமுனை, அந்நகர மக்களுக்குக் காலையும் மாலையும் காற்று வாங்கும் இடமாகவும், நிழல்மரச் சோலையாகவும், புள்ளிமான்கள் உலவும் கானகமாகவும் இருந்து வருகின்றது. பிற நாடுகளிலே இத்தகையதோர் இடத்தைப் பூங்கா என்பர். இங்கே அது கோட்டை, கோயில், இராணுவ முகாம் ஆகிய மூன்று பெயர்களால் அறியப்படுகின்றதேயன்றி, நான்காவதான இப்பெயரால் அறியப்படுவதில்லை. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதையும், அதனால் யாது விளைந்தது என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. நிலமும் கடலும்

கோட்டைமுனை ஒரு சிறு குடாநாடு. அதன் ஒருபுறம் பின்குடாவும் மறுபுறம் ஒல்லாந்தர் குடாவும் உள்ளன. ஒடுங்கிய நிலத்தொடுப்பொன்று அதனை நகருடன் இணைக்கின்றது. நகர்ப்புறத்தில் தாழ்ந்து தொடங்கும் நிலம் படிப்படியாக உயர்ந்து, கடல்முகத்தில் செங்குத்துப் பாறையாக முடிகின்றது. அதுவே சுவாமிமலை, அங்குள்ள பாறைப் பிளவை மக்கள் இராவணன் வெட்டு என்று வழங்குவர்.

தெற்கே கொட்டியாரக் குடாவில் மகாவலி கங்கை கடலொடு கலக்கின்றது. அதற்கப்பால் கடலடியில் மிகப் பெரிய பள்ளத்தாக்கொன்று கரையை அணுகி வருகின்றது. துறையின் ஆழத்துக்கும் கடல்வளத்துக்கும் இப்பள்ளத்தாக்கோடு தொடர்புண்டு. ஆழ்கடல் கரையருகே வருவதனாலேயே நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இங்குக் கரைக்கு அணித்தாகக் காணப்படுகின்றன. 1980களின் தொடக்கத்தில் இத்திமிங்கிலங்கள் ஆராயப்பட்டபொழுது சுவாமிமலை உச்சியே நோக்கிடமாகவும் பயன்பட்டது. பெருங்கப்பல்களை அழைத்து வந்த ஆழமே திமிங்கிலங்களையும் அழைத்து வந்தது என்பது மனங்கொளத்தக்கது. இத்துறையின் இயற்கை வரலாறும் படை வரலாறும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை.

2. கல்லிற் படிந்த வரலாறு

ஞானசம்பந்தரின் தேவாரப் பதிகம் கோணமலையை ஏழாம் நூற்றாண்டுச் சிவத்தலமாகக் காட்டுகின்றது. மகாவமிசமோ, மகாசேன மன்னன் கோகர்ணத்திலிருந்த தேவாலயத்தை அழித்து விகாரை எழுப்பினான் எனக் கூறுகின்றது. கோட்டைக்குள் கிடைத்த சோடகங்கனின் வடமொழிக் கல்வெட்டு, கிரந்த எழுத்தில் சக ஆண்டு 1145ஐ, அதாவது கி.பி. 1223ஐக் குறிக்கின்றது. கோட்டை வாயிலிற் காணப்படும் இணைக்கயல் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியரின் வரவை நினைவூட்டுவது.

போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். கோயிற்றூண் கோட்டை வாயிலின் நிலைக்கல்லாயிற்று. ஆக்கிரமிப்பாளன் முன்னையதை அழிக்கும்பொழுதே அதனைத் தன் சுவருக்குள் வைத்துக் காத்தும் விடுகின்றான். இம்முரண்பாடு கோட்டைமுனையின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனின் துணையோடு கோட்டையைக் கைப்பற்றினர். 1672இல் பிரெஞ்சியர் இத்துறைக்கு வந்து காலூன்ற முயன்று தோற்றனர். 1782ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இன்னும் தெளிவானவை. சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் துறையைப் பறித்தனர்; ஆகஸ்டில் சப்ரென் தலைமையில் பிரெஞ்சியர் அதனைப் பறித்தனர்; பின்னர் சமாதான உடன்படிக்கையின்படி அது ஒல்லாந்தருக்கே மீண்டது. 1795இல் பிரித்தானியர் மீளவும் கைப்பற்றினர். 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் அது பிரெடெரிக் கோட்டையாயிற்று. இத்தனை கைமாற்றங்களில் எதுவும் நகரமக்களின் விருப்பத்தைக் கேட்டு நிகழ்ந்ததன்று. ஐரோப்பாவில் வரைந்த உடன்படிக்கை இங்குள்ள மீனவனின் கரையை நிர்ணயித்தது.

3. படை காத்த காடு

சுவாமிமலையின் மரங்களும் மான்களும் நகரின் நடுவே எவ்வாறு எஞ்சின என்ற வினாவுக்கு விடை எளிது. அங்கு வீடு கட்டவோ காணி பிரிக்கவோ கடை போடவோ பொதுமக்களுக்கு உரிமை இருக்கவில்லை. கானகத்தைக் காப்பது படையின் நோக்கமன்று. மக்களை விலக்குவதே அதன் நோக்கம். விலக்கலின் பக்கவிளைவாகக் கானகம் தப்பியது.

இது கோட்டைமுனைக்கு மட்டும் உரியதன்று. கடற்படைத் தளத்துக்கு நீர் வழங்கிய நீரேந்து பிரதேசம், 'கடற்படைத் தலைநீர்' என்ற பெயருடனேயே 1963இல் சரணாலயமாயிற்று. துறைமுகத்தினுள் உள்ள சோபர் தீவுகளும் அவ்வாண்டிலேயே சரணாலயங்களாயின. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு பிரித்தானியர் காலத்திற் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காயிருந்தது. அதுவும் 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. படையின் நிலப்படமும் இயற்கைப் பாதுகாப்பின் நிலப்படமும் இம்மாவட்டத்திற் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன.

எனினும் இதிலிருந்து படையே இயற்கையின் காவலன் என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். அதே படைத்தேவைதான் சீனக்குடாக் காட்டினுள் இராட்சத எண்ணெய்த் தாங்கிகளை நிரைநிரையாக நாட்டியது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் தாக்கியபொழுது தாங்கியொன்றும் தீப்பற்றியது. இன்று எஞ்சியுள்ள 99 தாங்கிகளும் 2022 சனவரி உடன்படிக்கையின்படி மூன்று நிறுவனங்களுக்கிடையே பங்கிடப்பட்டுள்ளன: இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு 61. தாங்கிகளைச் சூழ்ந்து வளர்ந்த காடு எவர் பங்கிலும் எண்ணப்படவில்லை. படை காக்கும் காடு, படைக்குத் தேவை ஏற்படும்வரை மட்டுமே காடாயிருக்கும்.

4. கைவிட்டுப்போன வாய்ப்பு

1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்கு அது வேலையிழப்பாகவும் முடிந்தது. ஆயினும் நாட்டின் இறைமை நோக்கில் அது முன்னேற்றமே. கோட்டைமுனையை நகரின் பொதுநிலமாக அறிவிக்க அதனிலும் தக்க தருணம் வாய்த்திராது. 1950இல் கிணறு வெட்டும்பொழுது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டிருந்தன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமிமலையின் அடிக்கடலிற் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோணேசர் ஆலயம் குடமுழுக்குக் கண்டது. கோயில் மீண்டது, கோட்டைமுனை மீளவில்லை. அந்நியப் படையின் இடத்தைச் சுதேசப் படை எடுத்துக்கொண்டது.

பின்வந்த போர்க்காலத்தில் அந்நிலம் காவலரண்களின் நிலமாயிற்று. பக்தன் சோதனைச்சாவடியைக் கடந்தே கடவுளைக் காண வேண்டியிருந்தது. கோட்டைக்கு வெளியேயுள்ள கடற்கரையும் மக்களுக்குப் பாதுகாப்பாக இருக்கவில்லை. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையிற் கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் போதிய சான்று இல்லையென 2019இல் விடுவிக்கப்பட்டனர். பொழுதுபோக்கும் பொதுவெளி பற்றிப் பேசும் எவரும் இந்நிகழ்ச்சியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. மாலைநேரத்தில் அச்சமின்றி உட்கார்ந்திருக்கும் உரிமையே பூங்காவின் முதல் இலக்கணம்.

5. பிறநாட்டு அனுபவம்

கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகமும் பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்தது. அதன் முனையிலுள்ள பொயின்ற் பிளெசன்ற் நிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் காவற்கோபுரமும் பீரங்கி மேடைகளும் காட்டினுள் நிற்கின்றன. 1866இல் அந்நிலம் ஆண்டுக்கு ஒரு சிலிங் வாடகைக்கு 999 ஆண்டுக் குத்தகையில் நகரின் பூங்காவாக விடப்பட்டது. படை முற்றாக வெளியேறுமுன்னரே மக்கள் உள்ளே வந்துவிட்டனர். பின்லாந்தின் சுவோமென்லின்னாக் கோட்டைத் தீவுகள் 1973இல் குடிசார் நிருவாகத்துக்கு மாறின. சான் பிரான்சிஸ்கோவின் பிரசீடியோ படைநிலம் 1994இல் தேசியப் பூங்காச் சேவையிடம் சென்றது. நமது நாட்டிலேயே காலிக் கோட்டை, மக்கள் வாழும் கோட்டையாக 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இவற்றை அப்படியே பின்பற்றவேண்டுமென்பது நமது கருத்தன்று. காலியிற் சுற்றுலாவும் நிலவிலையும் பழைய குடிகளை மெல்ல வெளியேற்றுவதையும் நாம் காண்கின்றோம். படையின் வேலி போய்ப் பணத்தின் வேலி வருமாயின் மக்கள் பெறும் நன்மை யாது?

6. யாருடைய மரபு?

இன்று கோட்டைமுனையில் ஆலய அறங்காவலர், தொல்பொருளியல் திணைக்களம், இராணுவம், நகராட்சி ஆகிய பலருக்கும் உரிமையுண்டு. பொறுப்போ எவருக்கும் முழுமையாக இல்லை. ஆலயச்சூழலிலுள்ள கடைகள் பற்றி அண்மை ஆண்டுகளில் எழுந்த தகராறு இதற்கு ஒரு சான்று. கிழக்கின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்ய 2020இல் அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணி, தொடக்கத்தில் ஒரு தமிழரையோ முசுலிமையோ கொண்டிருக்கவில்லை. தமிழரும் முசுலிம்களும் சிங்களவரும் வாழும் மாகாணத்தின் பழமையை ஓரினத்தார் மட்டும் தீர்மானிக்க முற்படும்பொழுது, தொல்லியல் ஆய்வுத்துறையாக இராது ஆக்கிரமிப்பின் கருவியாகி விடுகின்றது. அதேவேளை, ஒரு கல்லிற் பல காலங்கள் படிந்திருப்பதை மறந்து, ஒரு காலத்தை மட்டுமே உண்மையெனக் கொள்வதும் அறிவுக்கு ஒவ்வாதது. சைவப் பதிகமும் பாளி வரலாறும் கயற்சின்னமும் பீரங்கிமேடையும் ஒரே முனையில் உள்ளன. அவற்றை ஒருங்கே காப்பதற்குப் பொதுநிலம் என்ற கருத்தைவிட ஏற்றதொரு கருத்து வேறில்லை.

இப்பிணக்குகளுக்கிடையே மான்கள் கோட்டையை விட்டு நகர வீதிகளுக்கு வந்து குப்பைமேடுகளிற் பொலித்தீனோடு உணவைத் தேடுகின்றன. பயணிகள் படம்பிடித்து மகிழும் அக்காட்சி உண்மையில் ஒரு குற்றப்பத்திரிகை. எல்லோரும் உரிமை கொண்டாடும் நிலத்தில் மானுக்குப் புல் வளர்க்க ஆளில்லை.

எனவே நாம் வலியுறுத்துவன மூன்று. கோட்டைமுனை படிப்படியாகக் குடிசார் நிருவாகத்துக்கு மாற்றப்படல் வேண்டும். அந்நிருவாகத்தில் மூவின மக்களும் ஆலயத்தாரும் மீனவரும் இடம்பெறல் வேண்டும். மரங்கள், மான்கள், கல்வெட்டுக்கள் ஆகியவற்றின் பதிவு மும்மொழியிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். நானூறு ஆண்டுகளாகப் பிறர் வாயிலிற் காவல் நிற்க, மக்கள் அனுமதி கேட்டு நுழைந்த நிலம் அது. அனுமதி கேளாது நுழையும் நாளிலேயே அந்நிலம் அந்நகரத்துக்கு உரியதாகும்.