வட்டார உறுப்பினரால் என்னதான் செய்ய முடியும்? தெரு விளக்கிலிருந்து ஓட்டமாவடி வரை

சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பிரதேச சபையின் வட்டார உறுப்பினர் நான். கடந்த வாரம் அப்படி வந்த அழைப்பு, கடற்கரைப் பக்க ஒழுங்கையில் பேரப்பிள்ளையோடு இருக்கும் ஒரு உம்மாவிடமிருந்து.

"மகன், அந்த லைற் இன்னும் பத்தல்ல. புள்ள ஓதிட்டு இருட்டுக்குள்ளதான் வருது."

அந்த விளக்கு ஏன் எரியவில்லை என்பதைச் சொல்ல எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. கம்பம் மின்சார சபையுடையது. கம்பத்தில் இருக்கும் பல்பு பிரதேச சபையுடையது. பல்பு பழுதென்றால் நாங்கள் மாற்றலாம். கம்பிப் பிழை என்றால் அவர்கள்தான் வரவேண்டும். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "அப்ப உங்களுக்கு எதுக்கு மகன் நாங்க வோட்டுப் போட்ட?"

நியாயமான கேள்வி. சபை அமர்வுகளில் கேட்கப்படும் அநேகமான கேள்விகளை விட நியாயமானது. அதற்கு ஒழுங்கான பதில் எழுத வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இக்கட்டுரை.

முதலில் எது எங்களுடையது, எது எங்களுடையது அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏ, பி தரப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. மீதமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பிரதேச சபைக்கு. வயல் வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. குழாய் நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. அந்தப் பெயரில் 'வடிகாலமைப்பு' என்று இருப்பதால் தெருவோர வடிகானையும் அவர்களே துப்புரவு செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் என் வட்டாரத்திலேயே உண்டு. இல்லை, அது எங்கள் தலையில்தான். குப்பை, சந்தை, நூலகம், விளையாட்டு மைதானம், மாடறுக்கும் இடம், மையவாடி, மயானம், கட்டட அனுமதி, வியாபார அனுமதிப் பத்திரம் ஆகியனவும் அப்படியே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இவற்றைத்தான் சபையின் கடமைகளாகச் சொல்கிறது. மனிதன் பிறந்து ஜனாஸாவாகப் போகும் வரை தினமும் மிதித்துச் செல்லும் விடயங்கள் இவை.

இனி உறுப்பினரின் அதிகாரம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு மூடை சிமெந்தை ஒதுக்கக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. நிறைவேற்று அதிகாரம் தவிசாளரிடம் இருக்கிறது. அலுவலகத்தையும் கோப்புகளையும் செயலாளர் பார்க்கிறார். என்னிடம் இருப்பது சபையில் ஒரு வாக்கும், மாதாந்த அமர்வில் பேசுவதற்குச் சில நிமிடங்களும்தான். ஆனால் மக்கள் என்னைத் தேடி வருவதில் தவறில்லை. முன்பு விகிதாசார முறையில் ஒரு பட்டியலுக்கும் அதிலுள்ளவர்களுக்கு விருப்பு வாக்கும் போட்டோம். வென்றவர் முழுச் சபைக்கும் பொது. எந்தத் தெருவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இருக்காது. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் பட்டியலிலிருந்தும் உறுப்பினர்கள் வரும் முறை 2018 பெப்ரவரித் தேர்தலோடு நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முகம் இருக்கிறது. திட்டுவதற்கும் ஒரு முகம் வேண்டுமல்லவா?

இந்த முறையின் கேடு என்னவென்றால் பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை கிடைப்பதில்லை. தவிசாளர் தெரிவின்போது நடக்கும் பேரங்களை வாசகர்கள் நன்றாகவே அறிவீர்கள். அதைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை.

என்னை நன்றாகச் சிந்திக்க வைத்தது பதவி இல்லாதிருந்த காலம்தான். 2018இல் தெரிவான எங்களுடைய பதவிக்காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்தது. மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணம் இல்லை என்று சொல்லி நடத்தப்படவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து ஜூன் 2ஆம் திகதி சபைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. வழக்கு இருந்த காரணத்தால் கல்முனை மாநகர சபைக்கு அன்றும் தேர்தல் நடக்கவில்லை. ஆக இரண்டு வருடங்களுக்கும் மேலாக இந்த நாட்டின் அநேகமான தெருக்களுக்குத் தெரிவு செய்யப்பட்ட எவரும் இல்லை.

அந்த இரண்டு வருடத்தில் என் வட்டாரம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் வழமை போல் வந்தது. ஜனாஸா வீடுகளுக்குக் கதிரையும் கூடாரமும் போயின. நோன்புக் கஞ்சி காய்ச்சப்பட்டது. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது பள்ளிவாசல் இளைஞர்கள் நள்ளிரவில் மண்வெட்டியோடு போய் மதகை அடைத்திருந்த குப்பையை அள்ளினார்கள். மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டுபோன நாட்கள் அவை. ஊரில் எந்தத் தாயும் தூங்கவில்லை. சமைத்தவர்களும் படகு கொண்டு வந்தவர்களும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. நான் பதவியில் இருந்தபோது எனக்கு நன்றி சொல்லப்பட்ட வேலைகளில் பாதி நான் இல்லாமலே நடந்ததைக் கண்டேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்படியானால் நின்றுபோனது எது? எந்த ஒழுங்கைக்கு முதலில் கொங்கிரீட் போடுவது என்று வாதாடுவது நின்றுபோனது. காசு குறைவு; ஒழுங்கைகள் பல. அலுவலகத்தில் கோப்பு எந்த வரிசையில் கிடந்ததோ, அல்லது யாருடைய தொலைபேசி எந்த உத்தியோகத்தருக்குப் போனதோ, அந்த வரிசையில் வேலை நடந்தது. உத்தியோகத்தர்களைக் குறை சொல்லவில்லை; அவர்கள் எந்தத் தெருவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அல்லர். சமையலுக்கும் கூடாரத்துக்கும் ஊரே போதும். இருப்பதைப் பகிரங்கமாக, முறையாகப் பங்கிடுவதற்குத்தான் சபை வேண்டும்.

சபை தொடங்கி ஐந்தாம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. புதிய உறுப்பினர்கள் சிலர் இன்னும் மாலையும் வரவேற்புமாக இருந்தார்கள். எனக்கு மாட்டுக் கழிவுதான் கவலை. உழ்ஹிய்யா கொடுப்பது இபாதத். அதன் குடலையும் தோலையும் வடிகானில் போடுவது இபாதத் அல்ல என்பதை ஒவ்வொரு வருடமும் குத்பாவிலும் ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் பள்ளிவாசல் நிருவாகிகளோடும் இருந்து நேர அட்டவணை போட்டோம்: எந்த மஹல்லாவுக்கு எத்தனை மணிக்கு உழவு இயந்திரம் வரும், கழிவை எதில் கட்டி எங்கே வைப்பது, குழி எங்கே. முதல் நாள் மாலை மூன்று மணிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஒரு இயந்திரம் பழுதாகி, ஒரு தெருவின் கழிவு இஷா வரை கிடந்தது. பெருநாள் உடுப்போடு நானும் இரண்டு மச்சான்மாரும் தனியார் லொறி ஒன்றில் ஏற்றினோம். படம் எடுக்க எவரும் இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், எடுக்கும் கோலத்திலும் நாங்கள் இல்லை.

தெருவை விட்டுப் போனதோடு குப்பை மறைந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று எட்டு வருடங்களில் ஏறத்தாழ இருபது யானைகள் செத்ததாக 2022இல் உலகச் செய்திகளில் படத்தோடு வந்தது. அது அயலிலுள்ள ஊர்களின் குப்பை. கொழும்பில் மீதொட்டமுல்லை மேடு 2017 ஏப்ரலில் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தெருவைத் துப்புரவாக வைத்திருப்பதாக நாம் பெருமைப்படும்போது அந்தக் குப்பை யாருடைய வாசலில் போய் விழுகிறது என்று கேட்காமலிருப்பது நம்முடைய கெட்ட பழக்கம். மக்கும் குப்பையை வேறாகக் கட்டித் தாருங்கள் என்று வீடு வீடாகக் கேட்கிறேன். மூன்றில் ஒரு வீடு கேட்கிறது. அதுவே பெரிய விடயம்.

ஒரு பிரதேச சபை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நான் கண்டது என்னுடைய சபையில் அல்ல. 2020 மார்ச் இறுதியிலிருந்து கொவிட் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது. ஆனால் எங்கே அடக்குவது? முதலில் இரணைதீவு என்றார்கள். யுத்தத்தால் இடம்பெயர்ந்து, போராடித் தம் நிலத்தை மீட்ட மீனவ மக்கள் அங்கே இருந்தார்கள், எதிர்த்தார்கள். எதிர்த்ததில் நியாயமும் இருந்தது. பிறகு கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை எல்லைக்குள், ஓட்டமாவடி மஜ்மா நகரில் இடம் குறிக்கப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி அங்கே அடக்கம் தொடங்கியது.

சோலைவரியையும் சந்தைக் குத்தகையையும் நம்பி ஓடும் ஒரு சிறிய சபை அது. முழு நாட்டின் மையவாடியும் ஒரே இரவில் அதன் தலையில் வந்து விழுந்தது. அப்பகுதி மக்கள் தம்முடைய காணிகளை விட்டுக்கொடுத்தார்கள். சபையின் ஊழியர்கள் குழி தோண்டினார்கள், இலக்கம் இட்டார்கள், பதிவேடு எழுதினார்கள். மழையிலும் வெயிலிலும் ஒரு வருடம். மொத்தம் 3,634 உடல்கள் அங்கே அடக்கப்பட்டன. அவர்களில் 2,992 பேர் முஸ்லிம்கள்; 287 பேர் பௌத்தர்கள்; 270 பேர் இந்துக்கள்; 85 பேர் கிறிஸ்தவர்கள். எங்கள் பக்கத்திலிருந்து போன ஒரு ஜனாஸாவின் மகன் பிறகு என்னிடம் சொன்னார்: "வாப்பாட நம்பர் எனக்குப் பாடம். எப்ப போனாலும் அங்க ஒருத்தர் கொப்பியப் பாத்து இடத்தக் காட்டித் தருவார்." அந்தக் கொப்பியை எழுதியவர் ஒரு பிரதேச சபை ஊழியராகத்தான் இருக்கும். அவருக்குச் சம்பளம் கொடுத்த சபைக்குத் தெருவில் ஒரு பல்பு எரியவில்லை என்று திட்டும் மக்களும் இருந்திருப்பார்கள். இரண்டும் ஒரே சபையின் வேலைதான்.

இதைச் சொல்வது எங்களை ஓட்டமாவடியோடு ஒப்பிடுவதற்காக அல்ல. எங்களுடைய சபையின் மாதாந்தச் சண்டைகளைப் பார்த்தால் ஒப்பிட முடியாது. பெயர்க் கல் பதிக்கும் விடயத்தில் மட்டும் ஒருமுறை ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறோம். அந்தக் கல்லின் காசில் பாடசாலைக்கு முன்னால் திறந்து கிடக்கும் வடிகானுக்கு இரண்டு மூடி போட்டிருக்கலாம் என்று நான் சொன்னபோது, என் பெயர் கல்லில் இல்லாத பொறாமை என்றார்கள். உண்மையில் கொஞ்சம் இருந்ததோ என்னவோ.

அந்த வடிகான் மூடி விடயத்தைக் கடைசியில் முன்னெடுத்தவர் எங்களுடைய பெண் உறுப்பினர் ஒருவர். பெண்களுக்கு 25 வீதம் சட்டத்தில் வந்தபோது "பட்டியலை நிரப்பத்தான்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன், மறைக்க எதுவுமில்லை. ஆனால் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் தாய்மார் அந்த வடிகானைப் பற்றி என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னார்கள். எந்த மூடி உடைந்திருக்கிறது, எந்தப் பிள்ளை எப்போது விழுந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து அமர்வில் வாசித்தார். மறுத்துப் பேச எவருக்கும் வாய் வரவில்லை.

வாசகர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பம், சுற்றாடல் என நான்கு குழுக்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பொறியியலாளரும் கணக்காளரும் அதிபரும் இல்லாத ஊர் நம்மிடம் இல்லை. மாலையில் பள்ளிவாசல் திண்ணையில் இருந்து சபையை விமர்சிப்பவர்களில் இரண்டு பேர் சுற்றாடல் குழுவில் வந்து இருந்தாலே பாதி வேலை முடியும். செலவு விபரம் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு கடிதம் போதும். வருடச் சோலைவரியை ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் மொத்தமாகக் கட்டினால் பத்து வீதக் கழிவும் உண்டு. கட்டாமல் இருப்பவர்களில் வசதியானவர்கள்தான் அதிகம் என்பது என் பட்டறிவு.

உம்மாவின் விளக்குக்கு வருகிறேன். கம்பி சரி, பல்புதான் பழுது என்று மின்சார சபையிலிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் களஞ்சியத்தில் பல்பு குறைவாக இருந்ததால் பட்டியல் போட்டோம். முதலாவதாக அடுத்த தமிழ்க் கிராமத்தின் மயானப் பாதை. மூன்று மாதமாக இருட்டு, இரவில் பூதவுடலோடு டோர்ச் அடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாவது வைத்தியசாலைச் சந்தி. உம்மாவின் ஒழுங்கை மூன்றாவது. நேரில் போய் அதைச் சொன்னேன். அவர் பிளேன்டீ ஊற்றித் தந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் சரி மகன், எனக்கு எப்ப?" என்றார்.

புதன்கிழமை என்று சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.