ஊசியின் முதுகில் ஒரு குழிவு

நுகேகொடையில் எங்கள் ஒழுங்கைக்குள் தைத்துக் கொடுக்கும் அக்காவிடம், மகளுக்கு ஒரு லெக்கின்ஸ் தைக்கத் துணி கொடுத்திருந்தேன். ஹைலெவல் வீதிப் புடவைக் கடையொன்றில் வாங்கிய, இழுத்தால் நீளும் துணி. இரண்டு நாள் கழித்துப் போனால் அக்கா சோர்ந்துபோய் இருந்தார். மூன்று தையல் விழுந்தால் நாலாவது விடுகிறது. "மெஷின் பழசாப் போச்சு தங்கச்சி, திருத்தத்தான் குடுக்கவேணும்" என்றார்.

மெஷினில் ஒரு பிழையும் இல்லை. அதில் பூட்டியிருந்தது, எப்போதும்போல, 14ஆம் நம்பர் சாதாரண ஊசி.

கைத்தையலில் ஊசி துணியை முழுதாகக் கடந்து மறுபக்கம் வரும். மெஷின் ஊசி குத்திய வழியாலேயே திரும்புகிறது. அதனால்தான் அதன் கண் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1846இல் எலியாஸ் ஹவ் காப்புரிமை பெற்ற மெஷினிலும் ஊசி இப்படித்தான் இருந்தது. ஊசி அடிவரை இறங்கி, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் மேலே எழும் கணத்தில்தான் தையல் பிறக்கிறது. முன்பக்க நூல் ஊசியின் நீண்ட பள்ளத்துக்குள் படுத்து வழுக்கி ஏறிவிடும். பின்பக்க நூலுக்கு அந்தப் பள்ளம் இல்லை. துணியோடு உரசி, ஏறமுடியாமல் புடைத்து, ஒரு சின்னக் கண்ணியாகும். கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியின் முதுகில், ஒரு குழிவு செதுக்கியிருக்கும். விரல் நகத்தால் தடவினால் தெரியும். சுழலும் கொக்கி அந்தக் குழிவை ஒட்டி வந்து கண்ணியைக் கொளுவி, அடியில் உள்ள பொபின் நூலைச் சுற்றி எடுத்துப் போகும். கண்ணி புடைக்காவிட்டால் கொக்கிக்கு எதுவும் அகப்படாது. அதைத்தான் 'தையல் விடுது' என்கிறோம்.

நீளும் துணி ஊசியைக் கவ்விக்கொண்டு அதோடு சேர்ந்தே மேலே எழும்புகிறது. துணி நிலையாக நின்றால்தானே நூல் உரசிப் புடைக்கும்? இதற்கென்று வரும் ஸ்ட்ரெச் ஊசியில் குழிவு ஆழமானது. கொக்கி நூலுக்கு இன்னும் கிட்ட வரலாம். முனையும் கூரல்ல, உருண்டை. பாவும் ஊடுமாக நெய்த துணியில் கூர்முனை நூலைத் துளைத்தாலும் பெரிய சேதமில்லை. பின்னல் துணி முழுக்க ஒன்றையொன்று கோர்த்த கண்ணிகள். ஒன்று அறுந்தால் அடுத்தது கழலும். தைத்த ரீசேட்டைத் தோய்த்தபின் தையல் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுவது அதனால்தான். உருண்டை முனை நூலை விலக்கிவிட்டு இடையால் இறங்கும்.

சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. அப்போது வீடுகளில் தைத்தது பெரும்பாலும் நெசவுத் துணி. நூறு வருடம் கழித்து, 1978இல், கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. ஏற்றுமதியில் மிஞ்சும் பின்னல் துணி இன்று புறக்கோட்டையிலும் நுகேகொடையிலும் கிடைக்கிறது. தொழிற்சாலையில் துணிக்கேற்ற ஊசி கவனமாகத் தெரிவாகும். ஓர் ஊசி உடைந்தால் கடைசித் துண்டுவரை தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டுவார்கள், குழந்தைச் சட்டையில் ஒரு துண்டுகூடப் போய்விடக்கூடாதென்று. அதே துணி வெளியே வரும்போது அந்த அறிவு கூட வருவதில்லை. தைத்துப் பிழைக்கும் பெண்கள் நல்ல மெஷினைக் குறை சொல்லி, திருத்தக் காசு கொடுக்கிறார்கள். இது எனக்குத் தாங்கமுடியாத அநியாயமாகப் படுகிறது.

பைக்கற்றில் 75/11, 90/14 என்று இரட்டை எண் இருக்கும். 90 என்றால் ஊசித் தண்டின் தடிப்பு 0.9 மில்லிமீற்றர், 14 அதே அளவுக்கு சிங்கர் வழி வந்த பழைய எண். மெல்லிய பட்டுக்கும் வொயிலுக்கும் 60 அல்லது 70, சாதாரண பருத்திக்கு 80, டெனிமுக்கு 100. மெல்லிய ஊசியால் டெனிம் தைத்தால் அது வளைந்து தகட்டில் அடித்து உடையும். ஆனால் எண் தடிப்பை மட்டும்தான் சொல்லும், முனையைச் சொல்லாது. அதற்குப் பைக்கற்றில் உள்ள பெயரைப் பார்க்கவேணும். ஜேர்மனியின் ஸ்மெற்ஸ் ஊசியில் ஸ்ட்ரெச்சுக்கு மஞ்சள் கோடு, ஜீன்ஸுக்கு நீலக் கோடு. இன்னொன்று: ஊசித் தலையின் தட்டைப் பக்கமும் முதுகுக் குழிவும் ஒரே பக்கம். திருப்பிப் பூட்டினால் கொக்கிக்கு எதிரே குழிவு இராது; எவ்வளவு நல்ல ஊசியானாலும் தையல் விழாது.

அக்காவுக்கு ஒரு பைக்கற் 75/11 ஸ்ட்ரெச் ஊசி வாங்கிக் கொடுத்தேன். லெக்கின்ஸ் அன்று பின்னேரமே முடிந்தது. பைக்கற்றை விட்டு வெளியே எடுத்தால் எந்த முனை உருண்டை, எது கூர் என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாதே என்று அக்காவே ஒரு வழி கண்டார். பாவித்த ஊசியை லெக்கின்ஸ் துணியின் வெட்டுத்துண்டிலேயே குத்தி, மெஷின் லாச்சிக்குள் வைத்திருக்கிறார். பக்கத்தில் வொயில் துண்டொன்றில் ஒரு 70, டெனிம் துண்டொன்றில் ஒரு 100.