பிறக்கும் முன்பே உருவாகும் கருமுட்டை

பெண்ணின் உடலில் கருமுட்டைகள் அவள் பூப்பெய்திய பின்னரே உருவாகின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவை உருவாகிவிடுகின்றன.

கரு உண்டான மூன்று, நான்கு வாரங்களில், அதனோடு ஒட்டியுள்ள மஞ்சட்கருப் பையின் சுவரில் சில உயிரணுக்கள் தனித்துத் தோன்றுகின்றன. இவை அங்கிருந்து மெல்ல நகர்ந்து, சூலகம் அமையவிருக்கும் இடத்தை அடைகின்றன. அங்கே ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகி, ஐந்தாம் மாத அளவில் 60 முதல் 70 இலட்சம் வரை ஆகின்றன. அதற்குப் பின் குறைவுதான். குழந்தை பிறக்கும்போது எஞ்சியிருப்பவை 10 முதல் 20 இலட்சம். பூப்பெய்தும் வயதில் 3 அல்லது 4 இலட்சம். இவற்றுள்ளும் வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 மட்டுமே.

இவ்வளவும் வீணா? எலிகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் லெய், ஸ்பிராட்லிங் ஆகியோர் 2016ஆம் ஆண்டு வியப்பான விளக்கம் ஒன்றை வெளியிட்டனர். ஒரே அணுவிலிருந்து பிறந்த சகோதர அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அவற்றுள் பல தம்மிடமுள்ள சத்துப் பொருள்களைச் சிலவற்றுக்கு வழங்கிவிட்டு மடிகின்றன. பெற்றுக்கொண்டவையே கருமுட்டைகள் ஆகின்றன.

இன்னொன்றும் அறியத்தக்கது. கருமுட்டை தன் 46 குரோமோசோம்களை 23 ஆகக் குறைக்க வேண்டும். இந்தப் பிரிவு தாயின் வயிற்றிலேயே தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. முட்டை முதிர்ந்து வெளிவரும் வேளையில்தான் அது மீண்டும் தொடர்கிறது. ஆகவே, நாற்பது வயதுப் பெண்ணின் கருமுட்டை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஒன்றாகும். நெடுங்காலம் காத்திருப்பதால் குரோமோசோம்கள் பிரிவதில் பிழைகள் கூடுகின்றன. வயது ஏற ஏறக் கருச்சிதைவும் ‘டவுன்’ குறைபாடும் மிகுவதற்கு இது முக்கியக் காரணம். ஆணின் விந்தணுக்களோ பருவ வயது முதல் புதிது புதிதாக உற்பத்தியாகின்றன.

குழந்தைப்பேறு தாமதமானால் மருமகளைக் குறைகூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. தான் பிறக்கும் முன்பே உருவான கருமுட்டைகளுக்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்? குறை ஆணிடமும் இருக்கலாம். இருவரும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

பெண் மகவைச் சுமக்கும் தாய், வருங்காலப் பேரக்குழந்தைக்கான கருமுட்டையையும் சேர்த்தே சுமக்கிறாள். கர்ப்பிணிக்கு நாம் அளிக்கும் நல்லுணவும் மன அமைதியும் மூன்று தலைமுறைக்கு ஆற்றும் தொண்டு என்பதை மனத்திற்கொள்வோமாக.