சிறுநீரகத்துக்குள் ஒரு வடிகால்: நிணநீர் ஆய்வுகள் சொல்வது என்ன?

பண்டார் தெங்காரா – கால் வீங்கினால் நம் ஊரில் முதலில் கிடைப்பது மருந்தல்ல, ஆலோசனைதான். "ரொம்ப நேரம் நின்னு வேலை செஞ்சிருப்பீங்க, எண்ணெய் போட்டு உருவி விடுங்க" என்பார் ஒருவர். "அது கெட்ட நீர், வடிஞ்சிட்டா சரியாயிடும்" என்பார் இன்னொருவர். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தச் சிறு நகரில் நாள் முழுக்க நின்றும் நடந்தும் வேலை செய்கிறவர்கள் ஏராளம். அதனால் கால் வீக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அண்மைக் காலமாக இந்தப் பேச்சில் ஒரு புதுச் சொல்லும் சேர்ந்திருக்கிறது: நிணநீர். "நிணநீரைச் சுத்தம் செய்தால் சிறுநீரகம் தானாகத் தேறும்" என்று சொல்லி மசாஜும் மூலிகைத் தூளும் விற்கிறார்கள். கைப்பேசியில் வரும் இத்தகைய காணொளிகளை நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் பார்க்கலாம். சிறுநீரகத்துக்கும் நிணநீருக்கும் தொடர்பு இருப்பது உண்மை. கடந்த இருபது ஆண்டுகளாக அதைப் பற்றிய ஆய்வுகள் தீவிரமாக நடந்து வருகின்றன. ஆனால் அந்த ஆய்வுகள் சொல்வதும் இந்த விற்பனையாளர்கள் சொல்வதும் ஒன்றல்ல.

முதலில் நிணநீர் என்றால் என்ன என்று பார்ப்போம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டிவிட்டது' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. ரத்தக் குழாய்களின் மெல்லிய சுவர்கள் வழியாக நீரும் கொஞ்சம் புரதமும் எப்போதும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவைச் சேகரித்து, முடிச்சுகளில் வடிகட்டி, கழுத்தின் அடியில் உள்ள பெரிய ரத்த நாளத்தில் திரும்பச் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. தோட்டத்தில் மழைநீர் தேங்காமல் இருக்க வெட்டி விடும் வாய்க்காலைப் போல என்று சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்கால் தானாகத் துடிக்காது. இந்தக் குழாய்கள் துடிக்கும்.

இந்தத் துடிப்பைப் பற்றிய ஆய்வில் ஒரு தமிழ்ப் பெயர் முன்னே நிற்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மாரியப்பன் முத்துச்சாமியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை, நிணநீர்க் குழாயின் தசை எதனால் ஆனது என்பதைப் பிரித்துக் காட்டியது. குடல், ரத்தக் குழாய் போன்றவற்றில் இருக்கும் மென்தசைப் புரதங்களோடு, இதயத் தசையில் காணப்படும் வகைப் புரதங்களும் அதில் கலந்து இருந்தன. ஒரு குழாய் மெல்ல இறுகவும் வேண்டும், இதயத்தைப் போல விட்டுவிட்டுத் துடிக்கவும் வேண்டும் என்றால் இரண்டு வகையும் தேவைதானே.

சிறுநீரகத்திலும் இந்த வாய்க்கால் இருக்கிறது. நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மற்றதெல்லாம் உடலுக்கே திரும்புகிறது. இவ்வளவு நீர் புழங்கும் இடத்தில் வடிகால் இல்லாமல் முடியுமா? சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் ரத்தக் குழாய்களை ஒட்டியே நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. உட்பகுதியில் அவை அநேகமாக இல்லை. ஆனாலும் மருத்துவ உலகம் நெடுங்காலம் இவற்றைக் கவனிக்காமல் விட்டது. அதற்கு ஒரு காரணம், நுண்நோக்கியில் நிணநீர்க் குழாயையும் சிறிய ரத்தக் குழாயையும் பிரித்தறிவது கடினமாக இருந்தது.

அந்தச் சிக்கலைத் தீர்க்க உதவிய பொருள் சிறுநீரகத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வியன்னாவில் டோன்ச்சோ கெர்யாஷ்கி என்ற நோயியல் மருத்துவரின் குழுவினர் 1997-இல் எலியின் சிறுநீரக வடிகட்டியில் உள்ள பாதம் போன்ற உயிரணுக்களில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். அந்த உயிரணுவின் பெயர் 'போடோசைட்'. நோயால் அதன் பாதங்கள் தட்டையாகும்போது இந்தப் புரதம் குறைந்துபோனது. அதனால் அதற்குப் 'போடோபிளானின்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு இன்னொன்றைக் கவனித்தது. இந்தப் புரதம் நிணநீர்க் குழாயின் சுவரில் இருக்கிறது. ரத்தக் குழாயின் சுவரில் இல்லை. அவ்வளவுதான், இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் கிடைத்துவிட்டது. இன்று உலகெங்கும் நோயியல் ஆய்வகங்களில் நிணநீர்க் குழாய்களைக் கண்டறிய இந்தப் புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள்.

அடையாளம் கிடைத்ததும் கெர்யாஷ்கி குழு மாற்றுச் சிறுநீரகங்களைப் பார்த்தது. உடல் ஏற்காமல் எதிர்த்துக்கொண்டிருந்த சிறுநீரகங்களில், நிணநீர்க் குழாய்களின் அடர்த்தி வழக்கத்தைவிட 50 மடங்குக்கு மேல் பெருகியிருந்ததாக 2004-இல் எழுதினார்கள். எதிர்ப்பு அணுக்கள் கூடாரம் அடித்த இடத்திலெல்லாம் புதிய குழாய்கள் முளைத்திருந்தன. 2006-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெண் கொடுத்த சிறுநீரகத்தைப் பெற்ற ஆண்களிடம் சோதித்தபோது, புதிய குழாய்களின் சில உயிரணுக்களில் ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோம் இருந்தது. அதாவது பெற்றவரின் சொந்த அணுக்களே அந்நியச் சிறுநீரகத்துக்குள் போய் வாய்க்கால் கட்டியிருக்கின்றன.

இந்த வாய்க்கால் நல்லதா, கெட்டதா? இங்குதான் ஆய்வாளர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எதிர்ப்பு அணுக்களை ஊட்டி வளர்க்கும் பாதை இது என்பது ஒரு பார்வை. ஆனால் ஜெர்மனியின் ஹனோவரில் 2007-இல் வந்த ஆய்வு, இத்தகைய குழாய்கள் இருந்த மாற்றுச் சிறுநீரகங்கள் ஓராண்டுக்குப் பிறகு நன்றாகவே வேலை செய்தன என்றது. தேங்கியதை அவை வடித்துவிட்டன என்பது அவர்கள் விளக்கம். ஜப்பானில் 2009-இல் நோயாளிகளின் சிறுநீரகத் திசுக்களைப் பார்த்தவர்களோ, தழும்பு அதிகமான இடத்தில் நிணநீர்க் குழாய்களும் அதிகம் என்று கண்டார்கள். தழும்பு அவற்றைக் கொண்டு வந்ததா, அவை தழும்பைக் கொண்டு வந்தனவா? வெள்ளம் வந்த ஊரில் வாய்க்கால் நிறைய இருந்தால், வாய்க்காலால்தான் வெள்ளம் வந்தது என்று சொல்லிவிட முடியுமா என்ன!

எலிகளில் நடந்த சோதனைகள் நல்ல பக்கத்தையே அதிகம் காட்டுகின்றன. அதே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிரெட் மிட்செல், ஜோசப் ரட்கவ்ஸ்கி ஆகியோரின் ஆய்வகங்கள் சிறுநீரகத்தில் மட்டும் கூடுதல் நிணநீர்க் குழாய் வளரும்படி மரபணு மாற்றிய எலிகளை உருவாக்கின. அந்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறவில்லை என்று 2018-இல் தெரிவித்தார்கள். பின்னர் தக்ஷ்ணபிரியா பாலசுப்ரமணியனை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை, அத்தகைய எலிகள் உப்பைக் கூடுதலாகச் சிறுநீரில் வெளியேற்றுவதைக் காட்டியது. லண்டனில் டேவிட் லாங் குழு, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் கொண்ட எலிகளுக்கு நிணநீர்க் குழாயை வளர்க்கும் புரதத்தைக் கொடுத்து, கட்டிகளின் வளர்ச்சி குறைந்ததை 2016-இல் எழுதியது. கவனிக்க: எல்லாமே எலிகள். மனிதருக்கு இந்த வழியில் சிறுநீரக நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் இன்று மருத்துவமனையில் இல்லை.

உப்பைப் பற்றிச் சொன்னதால், நம் சமையலறைக்கு மிக அருகில் வரும் ஆய்வையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் யென்ஸ் டிட்ஸே குழு 2009-இல் ஒரு புதுமையான செய்தியைச் சொன்னது. கூடுதலாகச் சாப்பிட்ட உப்பில் ஒரு பகுதி தோலுக்கு அடியில் சேமிக்கப்படுகிறது. அங்குள்ள காவல் அணுக்கள் அதை உணர்ந்து, நிணநீர்க் குழாய்களை வளரச் செய்து, உப்பை வடிக்க வழி செய்கின்றன. எலிகளில் இந்த ஏற்பாட்டைத் தடுத்தபோது ரத்த அழுத்தம் ஏறியது. டிட்ஸே பிற்பாடு நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிடும் நமக்கு, உப்பின் கணக்கைச் சிறுநீரகம் மட்டும் பார்ப்பதில்லை, தோலும் நிணநீரும் சேர்ந்து பார்க்கின்றன என்பது புதுச் செய்திதான்.

இன்னொரு ஆய்வு குடலில் இருந்து வருகிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வாலண்டினா கான் குழு 2021-இல் காட்டியது இது: சிறுநீரகம் பழுதடைந்தால் குடலின் நிணநீர்க் குழாய்களும் மாறுகின்றன, அவற்றில் ஓடும் கொழுப்புத் துகள்கள் கேடு விளைவிப்பவையாக மாறுகின்றன. சிறுநீரக நோயாளிகளுக்கு மாரடைப்பு ஏன் அதிகம் என்ற பழைய கேள்விக்கு இது ஒரு துப்பாக அமையலாம்.

நிணநீரும் சிறுநீரும் நேரடியாகக் கலந்துவிடும் நோய் ஒன்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கும். யானைக்கால் புழு நிணநீர்ப் பாதையை அடைத்துவிட்டால், குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணநீர் சிறுநீர்ப் பாதைக்குள் உடைத்துக்கொண்டு வரும். சிறுநீர் பால் போல வெளுத்துப் போகும். கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற மருத்துவர் 1870-இல் இத்தகைய வெண்ணிறச் சிறுநீரில் புழுக்களைக் கண்டார். 1872-இல் அதே புழுக்களை மனித ரத்தத்திலும் கண்டார். கொசு, புழு, நிணநீர், சிறுநீர் என்ற சங்கிலியின் தொடக்கக் கண்ணிகளில் ஒன்று இந்திய மண்ணில் கிடைத்தது.

சரி, காலில் வீக்கம் வந்தால் எது காரணம்? வீக்கத்தின் மேல் விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெல்ல மறையுமானால், அது நீர் சேர்ந்த வீக்கமாக இருக்கலாம். சிறுநீரகக் கோளாறில் பொதுவாக இரண்டு காலும் வீங்கும். காலையில் எழும்போது கண்ணிமையும் உப்பியிருக்கும். சிறுநீரில் நுரை நிற்கும். நாள்பட்ட நிணநீர் அடைப்பில் பெரும்பாலும் ஒரு கால் அதிகம் வீங்கி, தோல் தடித்து, அழுத்தினாலும் எளிதில் குழி விழாது. இதயமும் கல்லீரலும்கூடக் காலை வீங்க வைக்கும். அதனால் வீட்டிலேயே முடிவு கட்டிவிடாமல் மருத்துவரிடம் போவதுதான் சரி. வீங்கிய காலை உருவிவிட்டால் வீக்கம் கொஞ்சம் வடியலாம். சிறுநீரக வடிகட்டி அதனால் சீராகாது. காரணம் தெரியாத மூலிகைத் தூளும், வலிக்கிறது என்று மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையும் நோயுற்ற சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடியவை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நம் நாட்டுக் கணக்கு. மேற்கு மலேசியப் பெரியவர்களில் 9.07 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாக 2011-ஆம் ஆண்டுத் தரவுகள் காட்டின. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் சிறுநீரக நிபுணர் ஹூய் லாய் சியோங். பொதுச் சுகாதாரக் கழகத்தின் தமிழரசு சாமிநாதனை முதல் ஆசிரியராகக் கொண்டு 2020-இல் வெளியான அடுத்த ஆய்வில், 2018-ஆம் ஆண்டு அளவு 15.48 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஏழு பெரியவர்களில் ஒருவர். உயர் ரத்த அழுத்தம், இனிப்பு நீர், உடல் பருமன், வயது ஆகியவை இதனுடன் சேர்ந்தே வந்தன. என்னை அதிகம் உறுத்தும் எண் வேறு: நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கு மட்டுமே தங்களுக்கு அது இருப்பது தெரிந்திருந்தது. நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் 50,000-ஐத் தாண்டிவிட்டனர். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூல காரணம் இனிப்பு நீர்.

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். தோட்டப்புறத்திலிருந்து போய்வரும் நேரத்தையும் சேர்த்தால், வேலை செய்து சம்பாதிக்கும் ஒருவருக்கு வாரத்தில் மூன்று நாள் போயிற்று. அழைத்துச் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ கூடத்தான்.

தெரிந்துகொள்ள வேண்டிய சோதனைகள் எளியவை. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு, சிறுநீரில் அல்புமின் புரதம் கசிகிறதா என்பது ஆகிய இரண்டும் முக்கியம். இனிப்பு நீரோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இவற்றைப் பார்க்கச் சொல்லி அரசு சுகாதார கிளினிக்கில் கேட்கலாம். அங்கு குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 40 வயதைக் கடந்த பி40 குடும்பத்தினர் பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தச் சோதனையும் அதில் அடங்கும். போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும், மூலிகைத் தூள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.